துரை கேட்ட சிவப்புக் கழுத்து

சேம்பு இலையைப் பிரித்துப் பாறையின் மேல் வைத்தார். உள்ளே ஒரு சேவலின் கழுத்து இருந்தது. தலையை எடுத்துவிட்டார். கழுத்து மட்டும், இறகோடு, ஈரமாக. இரத்தம் இன்னும் உறையவில்லை. இலையின் நரம்பு வழியாக வழிந்து பாறைப் பள்ளத்தில் தேங்கியது.

"துரை கேட்ட சிவப்புக் கழுத்து," என்றார் ராக்கப்பன் கங்காணி. சைக்கிள் மிதித்து வந்ததில் மூச்சு வாங்கியது. முகத்தில் அத்தனை பெருமை.

நான் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிட்டே வந்து பார்த்தேன். இறகுகளின் அடியில் மஞ்சள் தெரிந்தது. எந்தச் சேவலுக்கும் அப்படி ஒரு நிறம் கிடையாது. அது அரைத்த மஞ்சள். வெள்ளிக்கிழமை தோறும் என் அக்கா தன் கையால் தடவிவிட்ட மஞ்சள்.

இதை எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. வயதானதால் வந்த தடுமாற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம்.

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிப்பவன். இந்த வாரம் கங்காணியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "செத்துப்போன மனுசன், விடுலா," என்றான். செத்துப்போனால் செய்தது செய்யாததாகிவிடுமா? நான் விடுவதாக இல்லை. எதிரே நின்று பேச வராத எனக்கு இந்தப் பத்திரிகைப் பக்கமாவது இருக்கட்டும்.

பூ கட்டிய விரல்

எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே, மலையடிவாரத்தில் இருந்தது. ரப்பர் விலை விழுந்து, ஆள் குறைத்து, பிறகு மெல்ல விலை எழுந்து வந்த காலம். எனக்கு அப்போதுதான் மீசை அடர்ந்திருந்தது. தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்திருந்தேன். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை. வேலை நிம்மதியாக இருந்தது. செடி பதில் கேட்காது. யாராவது என் பெயரைச் சத்தமாகச் சொன்னாலே எனக்குக் காது சூடாகும்.

துரைக்கு மீன்பிடிப் பைத்தியம். ஆனால் புழு குத்த மாட்டார். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரி செய்து, நீளக் கோலால் தண்ணீர் மேல் வீசுவார். மீன் அதைப் பூச்சி என்று நம்பி வாய் திறக்க வேண்டும். அந்தப் பூச்சிகள் கப்பலில் தகரப் பெட்டியில் வரும். பச்சையும் நீலமும் சரிகையுமாகப் பெட்டிக்குள் பார்க்க அழகாக இருக்கும். எங்கள் ஆற்று மீன்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒருநாள் ஒரு பூச்சி நூல் விட்டுப் பிரிந்துபோயிற்று. துரை அதை ரோஜாப் பாத்தியில் எறிந்தார். நான் எடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டினேன். கோயிலுக்குப் பூ கட்டும் அதே முடிச்சுதான். நுனியில் பசைக்கு ஒரு சொட்டு ரப்பர் பால். துரை அதை வாங்கிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வரச் சொன்னார்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. "என்னா பூச்சி, இன்னிக்கு ஈயா கொசுவா? அப்பிடியே மூட்டப்பூச்சியும் ரெண்டு கட்டேன், எங்க வீட்ல இருக்கறதுக்குச் சோடி சேத்து விடலாம்!" என்று பெண்கள் கிணற்றடியில் கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

கழுத்து என்ற சொல்

பூச்சிக்கு உயிர் கொடுப்பது சேவலின் கழுத்து இறகு. அது மெலிந்து நீண்டு இருக்கும். முள்ளைச் சுற்றிக் கட்டினால் கால்கள் மாதிரி விரைத்து நிற்கும். கறிக்கு அறுக்கும் சேவலின் கழுத்துத் தோலை இறகோடு உரித்து வாங்கிக்கொள்வேன். உப்பும் அடுப்புச் சாம்பலும் தடவி, பலகையில் ஆணி அடித்துக் கூரைக்கடியில் காயப்போடுவேன். நன்றாகக் காய வாரக்கணக்கில் ஆகும். காய்ந்தால் பனைவிசிறி மாதிரி விரைப்பாக இருக்கும்.

இதற்கு ஒரு பெயர் வேண்டுமே. நானும் துரையும் கழுத்து என்று வைத்துக்கொண்டோம். சிவப்புக் கழுத்து, கறுப்புக் கழுத்து, சாம்பல் கழுத்து. துரைக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதிலும் கொஞ்சம். ஆற்றங்கரையில் எங்கள் இருவருக்கும் மட்டும் புழங்கிய சொல் அது. வேறு யாருக்கும் அந்த அர்த்தம் தெரியாது.

தண்ணீருக்குத் தகுந்த பூச்சி

கட்டிய பூச்சியை அப்படியே வீசினால் மீன் வராது. அன்றைய தண்ணீரைப் பார்த்துக் கரையிலேயே திருத்த வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஞாயிறு ஞாயிறாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

மலையில் மழை பெய்த மறுநாள் ஆறு தேத்தண்ணி நிறத்தில் வரும். அப்போது மீனுக்குக் கண் சரியாகத் தெரியாது. கறுப்பு இறகு நிறையச் சுற்ற வேண்டும். உள்ளே தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டினால் பூச்சி ஆழத்தில் போகும்.

மழை விட்டு ஆறு வடிந்தால் கண்ணாடித் தண்ணி. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அப்போது மீன் எதையும் சந்தேகப்படும். ஈயத்தை உருவிவிட வேண்டும். இறக்கையை வெட்டிவிட வேண்டும். சிவப்பு இறகு ஒரே சுற்று, அதிலும் அடிப்பக்கத்து மயிரைக் கத்தரித்துவிட வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதைத்தான் கெலா மீன் எடுக்கும். மலாய்க்காரர்கள் கொண்டாடும் மீன் அது. தடித்த உதடும், வெள்ளித் தட்டு மாதிரி செதிலுமாக இருக்கும்.

மேலே ஈயச் சுரங்கத்தில் மண் கழுவிவிட்டால் ஆறு கஞ்சி மாதிரி ஓடும். அன்றைக்குத் திருத்த ஒன்றுமில்லை. பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஓர் இறகு குறையாமல்

என் அக்கா அஞ்சலைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று காய்ச்சலில் போயிற்று. இன்னொன்று கண் திறக்கவே இல்லை. மூன்றாவது தரித்ததும், வெட்டுக்காட்டு ஓரத்து முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை மடியில் தங்கினால் முழுச் சேவல் தருகிறேன், ஓர் இறகு குறையாமல் தருகிறேன் என்று சத்தமாகச் சொன்னாள். அப்போது விபூதித் தட்டோடு நின்ற பூசாரிக்குப் பக்கத்தில் இருந்தவர் ராக்கப்பன் கங்காணி. தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு விடுபவர் அவர்; எங்கள் கோயிலுக்குத் தலைவரும் அவர்தான். முதல் விபூதியும் அவருக்குத்தான்.

குஞ்சிலிருந்து அக்கா வளர்த்தாள். நல்ல செவலை. காலில் மஞ்சள் துணி முடிந்திருக்கும். அக்கா சாப்பிடும்போது அவள் தட்டிலேயே கொத்தும். மச்சான் அடிக்க வந்தால், "சாமி கோழிய வெரட்டாதீங்க," என்பாள்.

அந்த வருடம் லயத்தில் கோழிக்கழிச்சல் வந்தது. காலையில் நிற்கும் கோழி சாயங்காலம் கவிழ்ந்து கிடந்தது. கடைசியில் தோட்டத்தில் மிஞ்சிய செவலைச் சேவல் இரண்டுதான். ஒன்று அக்காவின் சாமிச் சேவல். இன்னொன்று கங்காணி வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தது. அது சண்டைக்கு வளர்த்தது.

இரண்டாவதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கோபத்தில் பாதி அந்தச் சேவல்.

அந்த ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்துத் துரை விருந்தாளியாக வந்திருந்தார். முதல்நாள் மாலை நான் பார்த்தபோது ஆறு தேத்தண்ணியாக ஓடியது. அதனால் கறுப்பும் சாம்பலும் மட்டும் பெட்டியில் வைத்தேன். சிவப்புக் கழுத்து என் வீட்டில் பிஸ்கட் டின்னில் இருந்தது. நன்றாகக் காய்ந்தது. நிறைய இறகு இருந்தது.

காலையில் போய்ப் பார்த்தால் ஆறு வடிந்து கண்ணாடியாகக் கிடக்கிறது.

துரை தண்ணீரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நான் அப்போது மேல் மடுவில் நூல் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன். கரையில் கங்காணி நின்றார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. வெளித் துரை வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து நிற்பது அவர் பழக்கம்.

துரை அவரைப் பார்த்து, "கங்காணி, லயம் போ. ஒரு சிவப்புக் கழுத்து கொண்டா. சீக்கிரம்," என்றாராம்.

கங்காணி அதற்குமேல் கேட்கவில்லை. எந்தக் கழுத்து, எதற்குக் கழுத்து, யாரிடம் இருக்கிறது, ஒன்றுமே கேட்கவில்லை. கூப்பிடு தூரத்தில்தான் நான் நின்றேன். "ஏய் பூச்சி" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். துரை சொன்னதைத் திருப்பிக் கேட்டால் கௌரவம் குறையும் என்று நினைக்கிற மனிதர் அவர். சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

சொல் தவறியதை நான் குற்றம் சொல்லவில்லை. கழுத்து என்றால் யாருக்கும் கழுத்துதான். கைவசம் இரண்டு சேவல்கள் இருந்தன. ஒன்று அவருடையது. அவர் வாசலிலேயே நின்றது. அதைத் தாண்டிப் போய், அக்காவும் மச்சானும் சுங்கை சிப்புட் கடைக்குப் போயிருந்த நேரத்தில், காலில் மஞ்சள் துணி கட்டிய சேவலைப் பிடித்தாரே, அதைத்தான் நான் கேட்கிறேன். எந்தச் சொல் தவறி அதைச் செய்தார்?

எந்த லயத்துச் சாமி?

பாறைக்கு மறுபடியும் வருகிறேன்.

இரண்டு துரைமாரும் இலையில் இருந்ததைப் பார்த்தார்கள். விருந்தாளித் துரை ஏதோ சொன்னார். எங்கள் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கங்காணிக்கு விளங்கவில்லை, அவரும் கூடச் சிரித்தார்.

நான் பேசினேன். அதுவரை துரையிடம் நானாக வாயைத் திறந்ததில்லை.

"துரை, இது சாமி சேவல்."

துரை சிரிப்பை நிறுத்தினார். "சாமி?"

"ஆமாங்க துரை. சாமிக்கு விட்ட சேவல்."

"எந்தச் சாமி? எந்த லயம்?"

தோட்டத்து ஆள் அத்தனை பேரையும் துரைமார் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். முத்துசாமிக்கும் சாமி, மதாருக்கும் சாமி. சாமி என்று ஓர் ஆளுடைய கோழி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"சரி, சரி. அந்தச் சாமி கூப்பிடு. நான் வேற கோழி கொடு. தீடா அப்பா," என்றார். தீடா அப்பா என்றால் மலாயில் பரவாயில்லை.

கங்காணி என் காதருகே வந்து, "வாய மூட்றா. துரை முன்னாடி என்னா பேச்சு," என்றார்.

"அது அக்கா நேந்துவிட்டது கங்காணி. ஒங்களுக்குத் தெரியும்."

"துரை கேட்டாரு."

"ஒங்க சேவலும் செவலதானே?"

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துரை பக்கம் திரும்பினார். காயாத கழுத்து பூச்சிக்கு உதவாது என்று துரை கையால் காட்டினார். அதை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார். கண்ணாடித் தண்ணீர் அல்லவா, போகிற வழி முழுக்கத் தெரிந்தது. மஞ்சள் கலங்கி ஒரு புகை மாதிரி பரவியது. சின்ன மீன்கள் கூட்டமாக வந்து இழுத்தன. நேர்ந்துவிட்ட சேவலை முனியாண்டிக்கு முந்திப் பொடி மீன் தின்றது.

"இருக்கிறது வச்சு செய்," என்றார் துரை.

செய்தேன். சாம்பல் இறகுப் பூச்சி ஒன்றை எடுத்து ஈயத்தை உருவினேன். இறக்கையை வெட்டினேன். மடியிலிருந்த வெற்றிலையில் சுண்ணாம்பை அதிகமாகத் தடவி, பாக்கோடு போட்டு மென்றேன். வாயில் இருந்த அத்தனை ஆத்திரத்தையும் சேர்த்துத் துரையின் பூச்சி மேல் துப்பினேன். கசக்கினேன். மறுபடி துப்பினேன். சாம்பல் இறகு செங்கல் நிறமாயிற்று. ஊதிக் காயவைத்து, ஒரே சுற்று விட்டு மற்றதைக் கத்தரித்துக் கொடுத்தேன்.

மூன்றாவது வீச்சில் கெலா எடுத்தது. அன்றைக்குத்தான் துரை தன் வாழ்நாளிலேயே பெரிய மீனைப் பிடித்தார். "நல்ல சிவப்பு," என்று என் முதுகில் தட்டினார்.

கங்காணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு வெற்றிலை எச்சிலில் முடிந்திருக்கும் காரியம் என்று அவர் கண்ணாலேயே கண்டார். அப்போதும் அந்த முகத்தில் ஒரு வருத்தம் வந்ததா என்று நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை. மீனைத் தூக்க ஓடினார்.

குழம்பு வாசனை

நான் லயத்துக்கு வந்தபோது அக்கா கடையிலிருந்து திரும்பி, பின்பக்கம் நின்று, "பா பா பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு. கையில் நொய்.

நான் கிட்டே போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காற்றை முகர்ந்தாள். இரண்டு வீடு தள்ளிக் கங்காணி வீட்டிலிருந்து மல்லி வறுத்துக் கொதிக்கும் குழம்பு வாசனை வந்தது.

கழுத்து துரைக்கு. உடம்பு கங்காணி வீட்டுச் சட்டிக்கு.

அக்கா அழவில்லை. நேரே அவர் வாசலுக்குப் போனாள். கங்காணி வீட்டம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வா அஞ்சல, ஒரு வா சாப்பிட்டுப் போ. துரை கோழி குடுத்தாராம்," என்றார். பாவம், அவருக்குத் தெரியாது.

"அக்கா, அது எங்கோழி. சாமிக்கு விட்டது," என்றாள் என் அக்கா அவரிடம்.

அந்த அம்மா அகப்பையைக் கீழே போட்டார். அதற்குள் கங்காணி ஒரு பிடி சாப்பிட்டு முடித்திருந்தார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார்.

"துரை கேட்டாரு, வெட்டுனேன். துரை கேட்டா தலையவும் வெட்டுவேன்."

"யாரு தலைய? ஒங்க தலையவா?" என்றாள் அக்கா.

லயமே வாசலில் நின்றது. யாரோ சிரித்துவிட்டார்கள். கங்காணிக்கு அதுதான் தைத்தது.

"பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்."

"நல்லாப் பாருங்க. அந்தாண்ட கட்டிக் கெடக்கே, அந்தச் சேவலையும் பாருங்க. அத எடுத்துக் குடுங்க. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

பூசாரியும் அங்கே இருந்தார். அவர் மெதுவாக, "அதுவும் செவலதான்... குடுத்துட்டா சரியாப் போயிரும் கங்காணி," என்றார்.

"அது பந்தயத்துச் சேவல்லா! நாகர்கோயில்காரன் எத்தினி தடவ வெலைக்குக் கேட்டு நான் குடுக்கலன்னு ஒனக்குத் தெரியாது?" என்று கங்காணி பூசாரி மேல் பாய்ந்தார். பூசாரி அன்றோடு வாயை மூடிக்கொண்டார்.

கங்காணி வீட்டம்மா குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாழைக்குழியில் மொத்தத்தையும் கொட்டி மண்ணைத் தள்ளினார்.  அக்காவின் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வீட்டில் மனுசத்தனம் அவரிடம்தான் இருந்தது.

வெள்ளைக்காரச் சேவல்

மறுநாள் துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பங்களாவிலிருந்து ஒரு சேவல் வந்தது. வெள்ளை வெளேரென்று, வாத்து கனத்தில், கொண்டை ஒரு கண்ணை மறைத்துத் தொங்கியது.

"இதுக்கு முனியாண்டிகிட்ட இங்கிலீசுல வரம் கேக்கணும்டா," என்றார் மச்சான். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

கங்காணிக்கு அந்தச் சேவல் பெரிய வசதியாகப் போயிற்று. காலை பிரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கோழிக்குக் கோழி வந்தாச்சு. துரை கையால வந்தது. இனிமே எவனும் பேசப்படாது."

கோழிக்குக் கோழி! அக்கா நேர்ந்துகொண்டது துரையின் கோழியையா? சாமி முன்னால் ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதை அவள் கையால் முடிக்க விட வேண்டாமா? அந்தப் பந்தயச் சேவலைத் தராவிட்டாலும் போகட்டும். "தெரிஞ்சுதான் செஞ்சேன், தப்பு" என்று கோயில் வாசலில் ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே மறந்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும்.

அவள் வெள்ளைச் சேவலை வைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கு மஞ்சள் தடவவில்லை. மச்சான் சுங்கை சிப்புட்டுக்குப் போய் ஒரு செவலைக் குஞ்சு வாங்கி வந்தார். கையளவு. அதற்குக் காலில் துணி கட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வளர்க்க ஆரம்பித்தாள்.

இரவில் அவள் தூங்கவில்லை என்று மச்சான் சொன்னார். வயிறு அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாளாம். சாமிக்கு விட்டதை மனுசன் தின்றுவிட்டான், சாமி யாரிடம் அதைக் கேட்கும் என்று மச்சானைப் போட்டுத் துளைத்தெடுப்பாளாம். எட்டு மாத வயிற்றுக்காரிக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவர் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறும் துரை கூப்பிட்டார். போனேன், கட்டினேன். பங்களா வேலை போனால் வீட்டில் கஷ்டம்.

முப்பது

பிள்ளை பிறந்தது. ஆண். அலறிக்கொண்டு பிறந்தது. எங்கள் வாசலில் கைக்குழந்தைச் சத்தம் அதற்கு முன் அவ்வளவு நாள் கேட்டதே இல்லை. வாரம் கழிந்தது, கண்ணைத் திறந்து திறந்து பார்த்தது, பால் குடித்தது, கனத்தது. அக்காவின் முகம் மாறியது. நான் முனியாண்டி கல்லின் முன்னால் போய் விழுந்து கிடந்தேன்.

எங்களில் பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் வீட்டைக் கழுவி, சாமி கும்பிட்டு, உறவுமுறைக்குச் சோறு போடுவது வழக்கம். முப்பது என்றே சொல்வோம். லயத்தில் எல்லோரையும் கூப்பிட வேண்டும். கங்காணியைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. மச்சான் போய்க் கூப்பிட்டார். அன்றைய கறி துரையின் வெள்ளைச் சேவல்தான்.

இலை போட்டோம். முதல் இலை கங்காணிக்கு. அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை கழுவி, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். தொட்டிலைப் பார்த்தார். பிறகு வரிசையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? புள்ள கல்லு மாதிரி இருக்கு. அன்னிக்கு என்னமோ குடி முழுகிப்போன மாதிரி என் வாசல்ல வந்து கத்துனாங்க. என்னா ஆயிருச்சு? ஒண்ணும் ஆகல. சாமிக்கே அது பெரிசாத் தெரியல, இவங்களுக்குத் தெரிஞ்சுச்சு."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். பூசாரியும் ஆட்டினார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்தை எப்படி எழுதுவது? பிள்ளை பிழைக்க வேண்டும் என்று இராப்பகலாக வேண்டிக்கொண்டவர்கள் நாங்கள். அது பிழைத்ததையே எடுத்துத் தனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார். செத்திருந்தால்தான் அவர் செய்தது தப்பாகியிருக்குமா? அந்த வீட்டில், அந்தத் தொட்டிலுக்கு முன்னால், எங்கள் இலையில் உட்கார்ந்து அதைச் சொல்கிறார்.

நான் சோற்றுக் கூடையோடு நின்றிருந்தேன். கூடையைக் கீழே வைத்தேன். காது கொதித்தது. எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. குனிந்து அவர் முன்னால் இருந்த இலையை நுனியிலிருந்து சுருட்டி எடுத்தேன்.

"என்னாடா பண்ற?" என்றார்.

"ஒங்க பங்க அன்னிக்கே சாப்பிட்டுட்டீங்க கங்காணி."

அவ்வளவுதான் சொன்னேன்.  கடைசி இலை வரை கேட்டிருக்கும்.

மறுநாள் பிரட்டில் என் பெயர் பங்களா வேலையில் இல்லை. மலை உச்சிப் பால்வெட்டுக்குப் போட்டார்கள். அங்கே ஏறி இறங்கியே முட்டி போயிற்று, இன்றைக்கும் ஈப்போவில் படி ஏறும்போது வலிக்கிறது. துரை அதற்குப் பிறகு யாரை வைத்துப் பூச்சி கட்டினாரோ தெரியாது, நான் விசாரிக்கவில்லை. அந்தச் செவலைக் குஞ்சு வளர்ந்து, அடுத்த பூசையில் அக்கா கையாலேயே சாமிக்குப் போயிற்று. இதெல்லாம் பிறகு.

அன்றைக்கு, அந்த வரிசையில், கங்காணி எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தார். ஈரக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மச்சான் பதறிப்போய், "தம்பி, இலைய வைடா, வைடா," என்றார்.

அக்கா உள்ளேயிருந்து குழம்பு வாளியோடு வந்தாள். முதல் இடத்தில் இலை இல்லாததைப் பார்த்தாள். என் கையில் சுருண்டிருந்ததைப் பார்த்தாள்.  அகப்பையை வாளியில் விட்டு நன்றாகக் கலக்கினாள். அவரைத் தாண்டி, இரண்டாவது இலையிலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள்.